பத்தாவது தசம இடத்தில் மாறிய புரோட்டான் நிறை: எந்த மதிப்பை நம்புவது?

அளவுகோல் (இழையைத் தொடங்கியவர்)

அணு நிறை அலகில் புரோட்டானின் நிறை 1.007276466879 என்று, இயற்பியல் மாறிலிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் மதிப்புகளைத் தரும் கோடேட்டா பட்டியல் 2014ஆம் ஆண்டுக்குச் சொல்கிறது. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு அது தரும் பிழை வரம்பு 91. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒற்றைப் புரோட்டானைப் பொறியில் வைத்து அளந்த குழு 2017இல் வெளியிட்ட மதிப்போ 1.007276466583, பிழை வரம்பு 32. ஒன்பது தசம இடங்கள் வரை இரண்டும் ஒன்றே. பத்தாவது இடத்தில் 8 இருந்த இடத்தில் 5 வந்து நிற்கிறது.

கழித்துப் பார்த்தால் வேறுபாடு 296. இரண்டு பிழை வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 96 வருகிறது. அதாவது, இரு மதிப்புகளும் ஏறக்குறைய மூன்று திட்ட விலக்கங்கள் விலகி நிற்கின்றன. இத்தனை இலக்கங்கள் வரை ஒரு நிறையை எப்படி அளக்கிறார்கள் என்பதும், இரண்டு நல்ல அளவீடுகள் முரண்படும்போது எதன் பக்கம் நிற்பது என்பதும் என் இரண்டு கேள்விகள். இத்துறையோடு பழக்கமுள்ளவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரும்பலகை

உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவது கேள்வி அளந்து பழகியவர்களுக்கு உரியது.

இயற்பியலில் மற்ற எந்த அளவையும்விட மிகத் துல்லியமாக நாம் அளக்கக்கூடியது அதிர்வெண். ஆகவே நிறையை அதிர்வெண்ணாக மாற்றிவிட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சீரான காந்தப்புலத்தில் நகரும் மின்னூட்டத் துகள் வட்டமடிக்கிறது. அது நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது மின்னூட்டத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கி, நிறையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. இதற்குச் சைக்ளோட்ரான் அதிர்வெண் என்று பெயர். ஒரே புலத்தில் புரோட்டானையும் கார்பன்-12 அயனியையும் மாற்றி மாற்றிச் சுற்றவிட்டு, இரண்டு அதிர்வெண்களின் விகிதத்தை எடுத்தால் காந்தப்புலம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. கார்பன்-12 அணுவின் நிறை சரியாக 12 என்பது அளந்து பெற்ற மதிப்பு அன்று. அலகின் வரையறையே அதுதான் என்பதால் அதற்குப் பிழை வரம்பே கிடையாது.

காந்தப்புலம் துகளை வட்டத்தில் கட்டிப்போடுமே தவிர, புலத்தின் திசையில் அது ஓடிவிடுவதைத் தடுக்காது. அதற்காக மேலும் கீழும் மின்முனைகளை வைத்து மின்புலத்தால் அடைக்கிறார்கள். இந்த அமைப்பே பென்னிங் பொறி. இதை வளர்த்தெடுத்து ஒற்றை எலக்ட்ரானை அதில் மாதக்கணக்கில் வைத்திருந்த ஹான்ஸ் டெமெல்ட், வேறு வகைப் பொறியை உருவாக்கிய வோல்ஃப்காங் பாலுடனும் நார்மன் ராம்சேயுடனும் 1989இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மின்புலத்தைச் சேர்த்ததற்கு ஒரு விலை உண்டு. துகளின் ஓட்டம் இப்போது மூன்று அசைவுகளாகப் பிரிந்துவிடுகிறது: சற்றே குறைந்த அதிர்வெண்ணில் வேகமாக வட்டமடித்தல், மேலும் கீழும் ஊசலாடுதல், பொறியின் நடுவைச் சுற்றி மெதுவாக நகர்தல். நமக்கு வேண்டிய சைக்ளோட்ரான் அதிர்வெண் இவற்றுள் எதுவும் அன்று. ஆனால் மூன்று அதிர்வெண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் அதன் வர்க்கம் கிடைத்துவிடுகிறது. மின்புலம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், நீள்வட்டமாகச் சிதைந்திருந்தாலும் இந்தக் கூட்டல் பிசகாது என்று லோவெல் பிரவுனும் ஜெரால்ட் கேப்ரியல்சியும் 1982இல் நிறுவினார்கள். மனிதக் கைகளால் செய்யப்படும் எந்தப் பொறியும் முழுமையானதாக இருக்க முடியாது என்னும் நிலையில், குறைகளைத் தானே விழுங்கிக்கொள்ளும் இப்படியொரு தேற்றம் கிடைத்திருப்பதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

திட்டவிலக்கம்

விளக்கம் நன்று. ஆயினும் தொடங்கியவரின் இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முரண்பாடு புரோட்டானோடு நிற்கவில்லை. 2020இல் அதே மைன்ஸ் கருவியில் டியூட்ரானின், அதாவது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கருவின், நிறை அளக்கப்பட்டு 2.013553212535 என்று வந்தது. பிழை வரம்பு 17. அதற்கு முன்பிருந்த பட்டியல் மதிப்பு 2.013553212745, பிழை வரம்பு 40. வேறுபாடு 4.8 திட்ட விலக்கங்கள். 2023இல் ஹீலியம்-4 அணுக்கருவை அளந்தபோது 6.6 திட்ட விலக்கங்கள் வேறுபட்டது. ஒழுங்கற்ற பிழைகள் மட்டுமே இருந்திருந்தால் இவ்வளவு பெரிய விலகல்கள் அடுத்தடுத்து வருவதற்கு வாய்ப்பே இல்லை. ஆகவே எங்கோ ஒரு முறையான பிழை, அதாவது அளவீட்டை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்க்கும் பிழை, பழைய அளவீடுகளிலோ புதியதிலோ, கணக்கில் வராமல் இருக்கிறது.

புதியது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. பிழை வரம்பு சிறியது என்பதும் சான்று ஆகாது. தன் கருவியின் குறையை அறியாதவர் மிகச் சிறிய பிழை வரம்பை முழு நேர்மையோடு எழுதிவிட முடியும். மூன்று அளவீடுகளும் ஒரே கருவியிலிருந்து வந்தவை என்பது என் கவலை. அந்தக் கருவிக்குள் என்னென்ன நடக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் எவராவது சொல்ல முடியுமா?

குளிர்கலன்

மைன்ஸ் கருவியில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் அதே வகைப் பொறி ஒன்றோடு சில ஆண்டுகள் இரவு பகலாக வாழ்ந்திருக்கிறேன் என்பதால், அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், ஒற்றை அயனியைப் பார்ப்பது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். அயனி மேலும் கீழும் ஊசலாடும்போது அருகிலுள்ள மின்முனைகளில் மிக மிக நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மின்முனைகளோடு இணைத்த மீக்கடத்திச் சுருள் ஒன்று ஒத்ததிர்வுச் சுற்றாக வேலை செய்கிறது. அனைத்தும் திரவ ஹீலியத்தின் வெப்பநிலையில், அதாவது தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ 4 பாகையில் இருந்தாலும், அந்தச் சுற்றுக்கு வெப்ப இரைச்சல் உண்டு. திரையில் அந்த இரைச்சல் ஒரு மேடுபோலத் தெரியும். அயனி அந்தச் சுற்றோடு வெப்பச் சமநிலைக்கு வந்ததும், மேட்டின் நடுவே, அயனியின் அதிர்வெண் இருக்கும் அதே இடத்தில், கத்தியால் கீறியதுபோல ஒரு குறுகிய பள்ளம் விழுகிறது. அயனி அந்த ஒரே அதிர்வெண்ணில் மட்டும் இரைச்சலைக் குறுக்கே இணைத்து அடக்கிவிடுகிறது என்பதே காரணம். உள்ளே இரண்டு அயனிகள் இருந்தால் பள்ளத்தின் அகலம் இரட்டிப்பாகும். முதன்முறை அந்தப் பள்ளத்தைப் பார்த்த இரவில், ஒரே ஓர் அணு நமக்காக அங்கே காத்திருக்கிறது என்ற எண்ணம் வந்து, நெடுநேரம் திரையை விட்டு எழ முடியவில்லை.

சுற்றுகளை எண்ணுவதற்குக் கட்டத்தை, அதாவது அயனி தன் வட்டத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை, பயன்படுத்துகிறோம். ஒரு மின் துடிப்பால் அயனியின் வட்ட அசைவுக்குத் தொடக்கக் கட்டத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தொந்தரவு செய்யாமல் சுற்றவிட்டு, குறித்த நேரம் கழித்துக் கட்டத்தைப் படிக்கிறோம். அதிர்வெண் 20 மெகாஹெர்ட்ஸ் என்றும், காத்திருக்கும் நேரம் 10 நொடி என்றும் வைத்துக்கொண்டால், அயனி 20 கோடி முறை சுற்றியிருக்கும். கட்டத்தை 10 பாகை அளவுக்குப் படிக்க முடிந்தால், அது ஒரு சுற்றில் 36இல் ஒரு பங்கு. ஆக, ஒரே முயற்சியில் 720 கோடியில் ஒரு பங்கு துல்லியம் கைக்கு வருகிறது. இதை நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்தால் ஒழுங்கற்ற பிழை பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு இறங்கும்.

உண்மையான போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. திட்டவிலக்கம் கேட்ட முறையான பிழைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, சார்பியல். வேகமாக ஓடும் துகள் கனத்ததுபோல நடந்துகொள்ளும் என்பதை நாம் ஒளிவேகத்தை நெருங்கும் துகள்களோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். புரோட்டானின் ஓய்வு ஆற்றல் 93.8 கோடி எலக்ட்ரான்வோல்ட். அதன் வட்ட அசைவில் ஒரே ஓர் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இருந்தாலே அதிர்வெண் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு குறைந்துவிடும். நமக்கு வேண்டிய துல்லியத்தைவிட இது நூறு மடங்கு பெரிது. ஆகவே அயனியைக் குளிர்விப்பதோடு நில்லாமல், வெவ்வேறு ஆற்றல்களில் வேண்டுமென்றே அளந்து, வரைபடக் கோட்டைச் சுழி ஆற்றல் வரை நீட்டிப் படிக்கிறோம்.

இரண்டு, பிம்ப மின்னூட்டம். அயனி தன்னைச் சூழ்ந்த மின்முனைகளில் எதிர் மின்னூட்டத்தைத் தூண்டுகிறது. அந்தப் பிம்பம் திரும்ப அயனியையே இழுக்கிறது. கரும்பலகை குறிப்பிட்ட கூட்டல் தேற்றம் இதற்குக் காப்பு அளிப்பதில்லை, ஏனெனில் இந்த இழுவிசை அயனியோடு சேர்ந்தே நகர்கிறது. இதனால் வரும் விலகல் அயனியின் நிறைக்கு நேர்விகிதத்திலும், பொறியின் ஆரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். மைன்ஸ் குழு 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள பெரிய பொறியைச் செய்ததற்கு இது முக்கியக் காரணம்.

மூன்று, காந்தப்புலத்தின் நகர்வு. இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட அனுபவம் உண்டு. ஒரு முறை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எங்கள் அளவீடுகள் வேலை நாள்களில் ஒருவாறும் விடுமுறை நாள்களில் வேறொருவாறும் வந்தன. மின்னழுத்த மூலத்தை மாற்றினோம், கம்பிகளை மாற்றினோம், நிரலை வரிவரியாகப் படித்தோம். கடைசியில் பார்த்தால், அடுத்த அறையில் இருந்தவர்கள் வாயு உருளைகள் அடுக்கிய எஃகு வண்டியை வேலை நாள்களில் எங்கள் சுவரை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த எஃகு பல மீட்டர் தொலைவிலிருந்தே எங்கள் புலத்தை வளைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரத் தரவு முழுவதையும் ஒதுக்கினோம். வானிலை மாறிக் காற்றழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் திரவ ஹீலியத்தின் கொதிநிலை நகர்கிறது, அதனால் பொறியைச் சுற்றியுள்ள பொருள்களின் காந்த ஏற்புத்திறன் மாறுகிறது, புலமும் மாறுகிறது. கலத்தின் அழுத்தத்தையும் ஹீலிய மட்டத்தையும் நிலைநிறுத்துவது அதனால்தான் இத்துறையில் தனி வேலையாகவே ஆகிவிட்டது.

டியூட்ரானையும் ஹீலியம்-4 அணுக்கருவையும் எலக்ட்ரான்கள் அனைத்தையும் இழந்த கார்பனோடு ஒப்பிடுவதில் ஒரு வசதி இருக்கிறது: மூன்றுக்கும் மின்னூட்ட–நிறை விகிதம் ஏறத்தாழ ஒன்றே. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடுதான். எனவே இரு அயனிகளும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில், ஒரே இடத்தில் அமர்கின்றன. புரோட்டானுக்கு இந்த வசதி இல்லை. அதன் விகிதம் இரு மடங்கு. பொறியின் மின்னழுத்தத்தை மாற்றாமல் இரண்டையும் அளப்பதற்காக அவர்கள் தனித்தனியே இரண்டு ஒத்ததிர்வுச் சுற்றுகளை வைத்தார்கள். மின்னழுத்தத்தை மாற்றியிருந்தால் அயனி அமரும் இடம் மைக்ரோமீட்டர் கணக்கில் நகர்ந்து, வேறொரு புலத்தை உணர்ந்திருக்கும்.

படிகம்

ஒரு சிறு ஐயம். எலக்ட்ரான்களை உரித்த கார்பனின் நிறை 12 அன்றே? உரித்த எலக்ட்ரான்களின் நிறையைக் கழித்தால் போதுமா?

கரும்பலகை

போதாது. எலக்ட்ரான்களைப் பிரிக்கச் செலவிட்ட ஆற்றலையும் நிறையாக மாற்றித் திரும்பச் சேர்க்க வேண்டும். கார்பனின் ஆறு எலக்ட்ரான்களையும் பிரிக்க மொத்தம் ஏறத்தாழ 1030 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும்; அது அணு நிறை அலகில் ஏழாவது தசம இடத்தைக் கடந்து வரும் எண் அன்று, ஆறாவது இடத்திலேயே தெரியும் எண்: 0.0000011. பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு துல்லியத்துக்கு இந்த ஆற்றல் 0.1 எலக்ட்ரான்வோல்ட் வரை தெரிந்திருக்க வேண்டும். கார்பனின் அயனியாக்க ஆற்றல்கள் அதைவிட நன்றாகவே தெரியும்.

எலக்ட்ரானின் சொந்த நிறையும் இப்படித்தான் கிடைத்தது. ஒரே ஓர் எலக்ட்ரானை மட்டும் வைத்திருக்கும் கார்பன் அயனியைப் பொறியில் இட்டு, அந்த எலக்ட்ரானின் தற்சுழற்சி அச்சு பம்பரம்போலத் தள்ளாடும் வீதத்தையும் அயனி வட்டமடிக்கும் வீதத்தையும் ஒப்பிட்டு, குவாண்டம் மின்னியக்கவியல் கணக்கின் துணையோடு 2014இல் 0.000548579909067 என்ற மதிப்பை எட்டினார்கள். முன்பிருந்ததைவிட 13 மடங்கு துல்லியம்.

சமச்சீர்மை

நம்பகத்தன்மையைப் பற்றிய விவாதம் முக்கியமானது. ஆனால் இவ்வளவு பாடுபட்டு இந்த இலக்கங்களைத் தேடுவது எதற்காக என்பதும் இழையில் பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன். வெறும் பட்டியலை நிரப்புவதற்காக எவரும் இத்தனை ஆண்டுகள் செலவிடுவதில்லை.

செர்ன் ஆய்வகத்தின் பேஸ் குழு எதிர்ப்புரோட்டானையும் புரோட்டானையும் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட முடிவை எடுத்துக்கொள்வோம். துகளுக்கும் அதன் எதிர்த்துகளுக்கும் மின்னூட்ட–நிறை விகிதம் அளவில் ஒன்றாகவும் குறியில் மாறியும் இருக்க வேண்டும் என்பது நம் கோட்பாடுகளின் அடித்தளத்தில் இருக்கும் சமச்சீர்மை. அண்டத்தில் பருப்பொருள் மட்டும் எஞ்சி, எதிர்ப்பருப்பொருள் எங்கே போயிற்று என்பதற்கு விடை தெரியாத நிலையில், இந்தச் சமச்சீர்மையை எங்கெல்லாம் சோதிக்க முடியுமோ அங்கெல்லாம் சோதித்தாக வேண்டும். நேர் மின்னூட்டப் புரோட்டானைப் பயன்படுத்தினால் பொறியின் மின்னழுத்தங்களைத் தலைகீழாக்க நேரும். அது புதிய பிழைகளைக் கொண்டுவரும். ஆகவே எதிர்ப்புரோட்டானுக்குப் பக்கத்தில் ஹைட்ரஜனின் எதிர் அயனியை, அதாவது இரண்டு எலக்ட்ரான்களைச் சுமக்கும் புரோட்டானை வைத்தார்கள். அந்த இரண்டு எலக்ட்ரான்களின் நிறையும் பிணைப்பாற்றலும் தேவையான அளவுக்குத் தெரியும். ஒன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ 24,000 ஒப்பீடுகள். இலட்சம் கோடியில் 16 பங்கு என்ற பிழை வரம்புக்குள் இரண்டும் ஒன்றே என்று வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பூமி சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுவதால் ஆண்டு முழுவதும் சூரியனின் ஈர்ப்பழுத்தம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பருப்பொருள் ஈர்ப்பை வேறுவிதமாக உணருமானால், இரண்டு அதிர்வெண்களின் விகிதமும் பருவத்தோடு சேர்ந்து அசைய வேண்டும். ஒன்றரை ஆண்டுத் தரவில் அப்படி எந்த அசைவும் இல்லை. பொறிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஒற்றைத் துகள் சூரியனின் ஈர்ப்பைப் பற்றிப் பேசுகிறது என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

இன்னொன்று, ஆற்றலும் நிறையும் சமம் என்னும் ஐன்ஸ்டைனின் தொடர்பு. 2005இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். சிலிக்கான், கந்தக அணுக்கருக்கள் ஒரு நியூட்ரானை ஏற்கும்போது வெளியாகும் காமாக் கதிரின் அலைநீளத்தைக் கிரெனோபிளில் படிகங்களால் அளந்தார்கள். நிறை எவ்வளவு குறைந்தது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இரண்டு அயனிகளை ஒரே பொறியில் ஒரே நேரத்தில் வைத்து அளந்தார்கள். இரண்டும் பத்து இலட்சத்தில் 0.4 பங்குக்குள் ஒத்துப்போயின.

திட்டவிலக்கம்

சமச்சீர்மை சொன்னவற்றை மதிக்கிறேன். என் கேள்விக்கும் அதிலேயே ஒரு பாதி விடை இருக்கிறது: அந்த இரண்டு சோதனைகளிலும் விடை என்னவாக இருக்க வேண்டும் என்பது முன்பே தெரியும். விகிதம் ஒன்று, வேறுபாடு சுழி. புரோட்டானின் நிறைக்கு அப்படி ஒரு முன்னறிவிப்பு இல்லை. அதனால்தான் சுதந்திரமான வழிகள் வேண்டும் என்கிறேன்.

நிறை வேறுபாடு தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹோல்மியம்-163 நல்ல எடுத்துக்காட்டு. அது ஓர் எலக்ட்ரானை விழுங்கி டிஸ்ப்ரோசியமாக மாறும்போது வெளியாகும் ஆற்றலைக் கொண்டு நியூட்ரினோவின் நிறையைத் தேடும் குழுக்கள் உள்ளன. அந்த ஆற்றல் ஏறத்தாழ 2555 எலக்ட்ரான்வோல்ட் என்று நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டது. 2015இல் பென்னிங் பொறியில் நேரடியாக அளந்தபோது 2833 வந்தது. 2024இல் ஹைடெல்பெர்க்கின் பென்டாட்ராப் என்னும் பென்னிங் பொறிக் கருவி 2863.2 என்று, 0.6 பிழை வரம்போடு சொன்னது. ஓர் எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைவான நியூட்ரினோ நிறையைத் தேடுகிறவர்களின் அடிப்படை எண் ஏறத்தாழ 300 எலக்ட்ரான்வோல்ட் நகர்ந்துவிட்டது. நியூட்ரினோவின் நிறை நிறமாலையின் கடைசி நுனியில்தான் தெரியும் என்பதால், நுனி எங்கே இருக்கிறது என்பதை வேறொரு வழியில் அறிந்திருப்பது அந்தக் குழுக்களுக்கு இன்றியமையாதது.

டிரிட்டியத்தில் நிலைமை மகிழ்ச்சியானது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிரிட்டியத்துக்கும் ஹீலியம்-3க்கும் இடையே அளந்த 18592.01 எலக்ட்ரான்வோல்ட் என்ற வேறுபாடும், டிரிட்டியத்தின் சிதைவைக் கொண்டு நியூட்ரினோவின் நிறையைத் தேடும் கட்ரின் சோதனை தன் நிறமாலையிலிருந்து தானாகப் பெற்ற மதிப்பும் ஒத்துப்போகின்றன. எனக்கு வேண்டியது இந்த மாதிரிச் சான்று.

படிகம்

மீண்டும் ஓர் ஐயம். உள்ளே இருக்கும் அயனி தாழ்நிலையில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கிளர்ச்சியடைந்த நிலையில் இருந்தால் அந்த ஆற்றலும் நிறையில் சேர்ந்துவிடுமே?

குளிர்கலன்

மிகச் சரியான கேள்வி. அது உண்மையிலேயே நடந்திருக்கிறது. பென்டாட்ராப்பில் 29 எலக்ட்ரான்களை இழந்த ரீனியம்-187 அயனிகளை அளந்தபோது, அவற்றுள் சில மற்றவற்றைவிடச் சற்றே கனமாக இருந்தன. தனிமம் ஒன்று, ஐசோடோப்பு ஒன்று, மின்னூட்டமும் ஒன்று. வேறுபாட்டை ஆற்றலாக மாற்றினால் 202 எலக்ட்ரான்வோல்ட். அதாவது மொத்த நிறையில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. எலக்ட்ரான்களுள் ஒன்று கீழே இறங்க வழியில்லாத நிலையில் சிக்கியிருக்கிறது. கணக்கின்படி அந்த நிலையின் ஆயுட்காலம் ஏறத்தாழ 130 நாள். இது 2020இல் வெளியானது. ஒளியை வெளியிடாத ஒரு கிளர்ச்சி நிலையை எடைபோட்டே கண்டுபிடித்தார்கள்.

ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு புரோட்டான்கள் கொண்ட மூலக்கூறு சமச்சீரானது என்பதால் அதன் அதிர்வு ஆற்றல் எளிதில் கதிராக வெளியேறாது. எந்த அதிர்வு நிலையில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்தே நிறையைக் கணக்கிட வேண்டும். ஒரு புரோட்டானும் ஒரு டியூட்ரானும் கொண்ட மூலக்கூறு அப்படி இல்லை. சிறிது நேரம் காத்திருந்தால் அதிர்வை இழந்து அமைதியாகிவிடும்.

அளவுகோல் (இழையைத் தொடங்கியவர்)

அந்தக் கலப்பு மூலக்கூறு அயனியைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. டியூட்ரானை அளந்த அதே 2020 ஆய்வில் இந்த மூலக்கூறு அயனியையும் தனியாக அளந்து 3.021378241561 என்று கொடுத்திருக்கிறார்கள். பிழை வரம்பு 61. புரோட்டான், டியூட்ரான், எலக்ட்ரான் மூன்றின் புதிய நிறைகளையும் நானே கூட்டினேன்: 3.021378259027. கூட்டுத்தொகை 0.000000017466 அதிகமாக இருக்கிறது. ஓர் அணு நிறை அலகு 93.1494 கோடி எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துப் பெருக்கினால் 16.27 எலக்ட்ரான்வோல்ட். மூன்று துகள்களும் பிணைந்தபோது இழந்த ஆற்றல் கோட்பாட்டின்படி எவ்வளவு என்று தேடினேன். டியூட்டீரியம் அணுவின் அயனியாக்க ஆற்றல் 13.60; அதனோடு புரோட்டான் சேரும் பிணைப்பு 2.67, கூட்டினால் 16.27.

பிறகு பழைய பட்டியல் மதிப்புகளை வைத்து அதே கணக்கைத் திரும்பச் செய்தேன். 16.74 வந்தது. வேறுபாடு 0.47 எலக்ட்ரான்வோல்ட்; மூலக்கூறு அளவீட்டின் பிழை வரம்போ 0.06 எலக்ட்ரான்வோல்ட் அளவே. ஒரு வேதிப்பிணைப்பின் ஆற்றலைத் தாளில் கழித்தே காண முடிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. இது போதுமா, திட்டவிலக்கம்?

திட்டவிலக்கம்

அழகான கணக்கு, நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இருந்தாலும் இந்தச் சோதனைக்குத் தெரியாத ஒரு பிழை இருக்கிறது. குளிர்கலன் சொன்னபடி பிம்ப மின்னூட்ட விலகல் நிறைக்கு நேர்விகிதம். ஆகவே ஒப்பிடப்படும் இரண்டில் கனமான கார்பனுக்கே அது அதிகம். கார்பனுக்குச் செய்த திருத்தம் தவறாக இருந்தால், புரோட்டான், டியூட்ரான், மூலக்கூறு மூன்றும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். எல்லாம் ஒரே விகிதத்தில் நகர்ந்தால் கூட்டலும் கழித்தலும் அப்படியே பொருந்திவிடும், 16.27 என்பது அசையாது.

குளிர்கலன்

உங்கள் தருக்கம் சரி. அந்தத் திருத்தம் கணிப்பாக மட்டும் நிற்கவில்லை. அதையே தனியாக அளந்து கணிப்போடு ஒப்பிட்டிருக்கிறார்கள், சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயிற்று. அதோடு, நீங்களே குறிப்பிட்ட ஹீலியத்தின் திசையைக் கவனியுங்கள். புரோட்டான் இலட்சம் கோடியில் 294 பங்கும், டியூட்ரான் 104 பங்கும் குறைந்தன. ஹீலியம்-4 4.001506179651 என்று வந்து, பட்டியலைவிட 131 பங்கு கூடியது. கார்பன் திருத்தத்தில் பிழை இருந்தால் மூன்றும் ஒரே பக்கம், ஒரே அளவில் நகர்ந்திருக்க வேண்டும். இரண்டு கீழேயும் ஒன்று மேலேயும் போயிருப்பதால், பழைய மதிப்புகளுள் சிலவாவது விலகியிருந்தன என்ற முடிவைத் தவிர்க்க முடியாது.

கார்பனே இல்லாத வழிகளும் உண்டு. ஃபுளோரிடாவில் ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியையும் டியூட்ரானையும் நேரடியாக ஒப்பிட்டு, டியூட்ரான்–புரோட்டான் நிறை விகிதத்தை எடுத்தார்கள். அது மைன்ஸ் மதிப்புகளோடு ஒத்துப்போகிறது. டூசல்டார்ஃபிலும் ஆம்ஸ்டர்டாமிலும் 2020இல் உங்கள் கலப்பு மூலக்கூறு அயனியின் சுழற்சியையும் அதிர்வையும் மின்காந்த அலைகளால் அளந்து, புரோட்டான்–எலக்ட்ரான் நிறை விகிதத்தைப் பெற்றார்கள். அங்கே பென்னிங் பொறியும் இல்லை, வட்டமடித்தலும் இல்லை, பிம்ப மின்னூட்டமும் இல்லை.

திட்டவிலக்கம்

ஹீலியத்தின் திசையை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். புரோட்டானுக்கும் டியூட்ரானுக்கும் 2017, 2020 மதிப்புகளையே இனி என் கணக்குகளில் பயன்படுத்துவேன். ஹீலியம்-4க்கு மட்டும், வேறொரு பொறியிலிருந்து அதே துல்லியத்தில் ஓர் அளவீடு வரும்வரை இரண்டு மதிப்புகளையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பேன்.